நாற்கூற்றில் ஒரு கூறு: ‘மருந்து’ அதிகாரமும் ஆட்டிசக் குழந்தையின் அச்சமும்

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் ‘மருந்து’ எனப் பெயர் பெற்றது. அதன் பத்துக் குறட்பாக்களுள் ‘மருந்து’ என்னும் சொல்லே இடம்பெற்றவை இரண்டுதாம். இரண்டாம் குறளில் அச்சொல் ‘வேண்டா’ என்பதனோடு சேர்ந்து வருகின்றது. பத்தாம் குறளில் அஃது இருமுறை வருகின்றது. முதற்கண் நான்கு கூறுகளுள் ஒன்றன் பெயராகவும், பின்னர் அந்நான்கும் சேர்ந்த முழுமையின் பெயராகவும் நிற்கின்றது. ஏனைய எட்டுப் பாக்களிலும் அச்சொல் இல்லை. இவ்வமைப்பு தற்செயலாக நேர்ந்தது என்று தள்ளிவிடத் தக்கதன்று.

ஆயினும் இவ்வமைப்பை நோக்காது, அதிகாரத்தினின்று ஒரு குறளை மட்டும் பிரித்தெடுத்து மேற்கோளாக வழங்குவது தமிழ் கற்றாரிடையே நெடுநாளாக நிலவும் பழக்கம். பட்டிமன்ற மேடையில் அதனால் பெருங்கேடு ஒன்றும் விளைவதில்லை. ஒரு குழந்தைக்கு மருந்து கொடுப்பதா, வேண்டாவா என்று பெற்றோர் கலங்கி நிற்கும் வேளையில் அம்மேற்கோள் வீட்டுக்குள் நுழையுமானால் கேடு உண்டு.

சிங்கப்பூரில் கேலாங் வட்டாரத்து அடுக்குமாடி வீடொன்றில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வாழ்வதாகக் கொள்க. அவனுக்கு ஆட்டிசம் உண்டு. பேச்சுக் குறைவு, ஆனால் பேருந்து எண்கள் அனைத்தும் மனப்பாடம். நோன்பு மாதத்தில் கேலாங் சிராயில் சந்தை கூடி, விளக்கும் ஒலிபெருக்கியும் புகையும் மக்கள் நெரிசலும் தெருவை நிறைக்கும்போது அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு நடைபாதையில் அமர்ந்துவிடுகின்றான். நாளடைவில் சந்தை கலைந்த பின்னும் அத்தெருவில் கால் வைக்க மறுக்கின்றான். பின்னர் மின்தூக்கியில் ஏற மறுக்கின்றான். பின்னர்ப் பள்ளிக்கும் போக மறுக்கின்றான். இரவில் உறக்கம் இல்லை. பலதுறை மருந்தகத்திலிருந்து சிறார் மருத்துவமனைக்கு அனுப்பப்பெற்று, அங்கே மருத்துவர் பல சொல்லி, இறுதியில் சிறிய அளவில் ஒரு மருந்தையும் எண்ணிப் பார்க்கலாம் என்கின்றார். உடனே வீட்டில் இரு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. உணவு முறை சரியானால் மருந்தே வேண்டா என்று வள்ளுவரே சொல்லியிருக்கின்றார் என்பார் ஒருவர். அதிகாரத்துக்குப் பெயரே மருந்து. மருத்துவர் தந்தால் கொடுக்க வேண்டியதுதானே என்பார் மற்றொருவர். இருவரும் குறளைப் படித்தவரே. இருவரும் அதனைப் படித்த முறை பிழையானது.

முதற்கட்சியை முதலில் நோக்குவோர்க்கு, அவர்தம் மேற்கோள் ஒரு நிபந்தனை வாக்கியம் என்பது எளிதில் புலனாகும். முன்னுண்டது செரித்தமை அறிந்து உண்பவனது உடம்புக்கு மருந்து வேண்டப்படாது என்பதே அக்குறளின் கருத்து. அதனைத் தொடர்ந்து வரும் ஐந்து பாக்களும் உண்ணும் அளவையும் பசியையும் பற்றியன. எனவே உணவால் வரும் நோய்க்கு உணவாலேயே காப்புத் தேடுக என்று ஆசிரியர் கூறினாரேயன்றி, எந்நோய்க்கும் மருந்து வேண்டா என்று பொதுவிதி வகுத்தாரல்லர். அவ்வாறு வகுத்திருப்பின் தீர்ப்பவனைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் அதே அதிகாரத்தில் பேச வேண்டிய தேவை என்ன? ஆயினும் அவ்வாறு குறட்பாக்களும் இச்சிறுவனுக்குப் பயன்படாதவை என்று சொல்லிவிடுவதும் அவசரமே. ஆட்டிசம் உடைய குழந்தைகளிடம் மலச்சிக்கலும் வயிற்றுவலியும் மிகுதியாகக் காணப்படுகின்றன. வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை அதனைக் கூச்சலாகவும் மறுப்பாகவும் காட்டும். ஆதலின் அனுபவமுள்ள மருத்துவர் பதற்றத்துக்கு மருந்து எழுதுமுன் வயிற்றையும் பல்லையும் காதையும் உறக்கத்தையும் ஆராய்வார். செரித்தது அறிதல் இங்கே வேறொரு வழியாக உள்ளே வருகின்றது.

இரண்டாங் கட்சியின் பிழை இதனினும் நுட்பமானது. எட்டாம் குறள் மருத்துவச் செயலை வரிசைப்படுத்துகின்றது: நோய் இன்னதென அறிதல், அதன் காரணம் அறிதல், தணிக்கும் வழி அறிதல், பின்னர்ப் பிழையாது செய்தல். மருந்து என்ற சொல் இவ்வரிசையில் இல்லை. ‘தணிக்கும் வழி’ என்பதே உள்ளது. வழி மருந்தாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். தணித்தல் என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. வேரோடு களைதல் வேறு. பொறுக்குமளவுக்குக் குறைத்தல் வேறு. பதற்றத்துக்கு இன்று கொடுக்கப்படும் மருந்துகள் இரண்டாவது வகையின. களைந்துவிடும் என்று எதிர்பார்த்துக் கொடுப்பவர் மூன்றாம் வாரத்திலேயே மனம் உடைந்துபோவர்.

இனி, இங்கே நோய் எது? தமிழில் இக்கேள்வியைக் குழப்பிவிட்டது ஒரு கலைச்சொல். ஆட்டிசத்தை ‘மதியிறுக்கம்’ என்று வழங்குவோர் பலர். மதி இறுகிக் கிடப்பது போலவும், இளக்கிவிட்டால் சரியாகிவிடும் போலவும் அச்சொல் பொருள்படுகின்றது. சொல்லாக்கத்தில் நல்லெண்ணம் இருக்கலாம், பொருத்தம் இல்லை. ஆட்டிசம் என்பது பிறவியிலேயே அமைந்த மூளை வளர்ச்சியின் வேறுபாடு. அதனை நீக்கும் மருந்து எதுவும் இல்லை. அமெரிக்காவில் 2006-இல் ரிஸ்பெரிடோனும் 2009-இல் அரிபிப்பிரசோலும் ஆட்டிசக் குழந்தைகளுக்கென இசைவு பெற்றன என்பது உண்மை. அவ்விசைவு கடும் எரிச்சலுக்கும் சினவெடிப்புக்குமே உரியது. ஆட்டிசத்துக்கும் அன்று, அச்சத்துக்கும் அன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் ‘ஆட்டிச மருந்து’ என்று பேசுவது, காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் ஒரே பெயர் வைப்பது போன்றதாகும். கேலாங் சிறுவனிடம் தணிக்கப்பட வேண்டியது அவன் இயல்பன்று. அவ்வியல்பின்மேல் ஏறி அமர்ந்திருக்கும் அச்சம்.

அவ்வச்சம் புதிதாகக் கண்டறியப்பட்டதும் அன்று. 1943-இல் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தைத் தனியாக இனங்காட்டியது. மாற்றம் நேர்ந்தால் அக்குழந்தைகள் கலங்குவதையும், மின்தூக்கி, தூசு உறிஞ்சும் கருவி, ஓடும் நீர் போன்றவற்றின் ஓசைக்கும் அசைவுக்கும் நடுங்குவதையும் அவர் அன்றே குறித்துள்ளார். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான மதிப்பீடு ஒன்று, ஆட்டிசம் உடைய சிறார்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பதின்மர்க்குப் பதற்றக் கோளாறு ஒன்றேனும் உண்டு என்று கணக்கிட்டது.

தமிழிலக்கணம் அச்சத்தை எவ்வாறு கண்டது என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் அரசர். இந்நான்கிலும் கருத்து மாறுபாட்டுக்கு இடமில்லை என்பது நூற்பாவின் போக்கு. புலியைக் கண்டு ஒருவன் அஞ்சினால் அவனை யாரும் ஏன் அஞ்சினாய் என்று கேளார். ஆட்டிசக் குழந்தையின் அச்சமோ எப்பொழுதும் கேள்விக்குள்ளாகும் அச்சம். கழிவறையின் கை உலர்த்தும் கருவிக்கும், வழக்கமான பேருந்து வேறு தெருவில் திரும்புவதற்கும் ஒருவன் நடுங்கினால், அதனைப் பிடிவாதம் என்றும் செல்லம் என்றும் சொல்வார் உலகத்தார். பிறர் ஒப்பாத அச்சம் இருமடங்கு துன்பம் தரும். இலக்கணத்தின்மேல் குறை கூறுவதற்காக இது சொல்லப்படவில்லை. அச்சத்தை அதன் பொருளைக் கொண்டு அளந்துவந்த பழக்கம் இங்கே உதவாது என்பதற்காகவே சொல்லப்படுகின்றது. அளக்க வேண்டியது உறக்கத்தையும் உணவையும் பள்ளி நாள்களையும் அது எவ்வளவு விழுங்கியது என்பதை.

நோய்முதல் நாடுதல் அடுத்த படி. உடம்பினுள் வளி, பித்தம், ஐ என்னும் மூன்றன் ஏற்றக்குறைவே நோயின் காரணம் என்பது அதிகாரத்தின் முதற்குறளில் காணும் மருத்துவக் கொள்கை. அதற்கு உரை கண்ட பரிமேலழகர், மிகுவதும் குறைவதும் உணவு மட்டும் அன்று, செயல்களும் என்று விரித்தார். இவ்விரிவு மிகச் சிறந்தது. கேலாங்கில் சிறுவனின் நோய்முதல் பெரும்பகுதியும் அவன் உடம்புக்கு வெளியே கிடக்கின்றது. சாலையோரத்து டுரியான் கடைகளின் மணம், பின்னிரவு வரை ஓயாத லோரோங்குகள், ஆண்டுக்கொருமுறை எழும் சந்தை, விழா நாளில் சிவன் கோயிலின் மேளம், முன்னறிவிப்பின்றி மாறும் பள்ளி நேரம்: இவற்றுள் எவையெவை அவனை அலைக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பிரித்தறிய வேண்டும். சிலவற்றை மாற்றலாம். சந்தை நாளில் வேறு வழியாகச் செல்லலாம், காதடைப்பான் தரலாம், நாளை நடக்கப்போவதைப் படமாக வரைந்து இன்றே காட்டலாம். மாற்ற முடியாதவற்றைச் சிறுசிறு படிகளாகப் பழக்கலாம். மூடிய மின்தூக்கியின் முன் நிற்பது ஒருநாள், திறந்ததனுள் ஒரு கால் வைப்பது மற்றொரு நாள்.

இவ்வகைப் பயிற்சிக்குச் சிங்கப்பூரிலேயே ஒரு சான்று உண்டு. மனநலக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நடத்தி, 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 9 முதல் 16 வயது வரையுள்ள ஆட்டிசச் சிறார் எழுபதின்மர் இரு குழுவாகப் பிரிக்கப்பெற்றனர். ஒரு குழு 16 வாரம் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற்றது. மற்றக் குழு அதே காலம் விளையாட்டும் கூடிப்பழகலும் கொண்ட நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு குழுவிலும் பதற்றம் குறைந்திருந்தது. இம்முடிவைச் சிலர் சிகிச்சையின் தோல்வியாகப் படிப்பர். அவ்வாய்வாளர்கள் அப்படிப் படிக்கவில்லை. ஒழுங்காகக் கூடும் நேரம், மாறாத ஆசிரியர், அமைப்புடைய இடம், பிறரோடு பழகும் வாய்ப்பு ஆகியன இரண்டுக்கும் பொதுவாக இருந்தமையை அவர்கள் சுட்டினர். ஒன்றும் பெறாத மூன்றாவது குழு இல்லாமையால், காலம் செய்த வேலை எவ்வளவு என்பதைப் பிரித்துச் சொல்ல இயலாது. அக்குறை ஆய்வின் அமைப்பிலேயே உள்ளது. ஆயினும் ஒரு குழந்தைக்கு வாரந்தோறும் ஒரே முகத்தைக் காட்டுவதே தணிக்கும் வழிகளுள் ஒன்றாகலாம் என்று எண்ண இடந்தருவதால் அவ்வாய்வு மதிக்கத்தக்கது. பின்னர் 2020-இல் அமெரிக்க ஆய்வொன்று, 167 ஆட்டிசக் குழந்தைகளிடம், அவர்தம் இயல்புக்கேற்பத் திருத்திய நடத்தைச் சிகிச்சை திருத்தாத முறையினும் நன்கு பயன்பட்டதைக் காட்டியது.

அப்படியானால் மருந்தின் இடம் யாது? ஒன்பதாம் குறள் மூன்று அளவைகளைத் தருகின்றது: நோயுற்றவன் அளவு, நோயின் அளவு, காலம். முதல் அளவையில்தான் இன்று பலர் வழுக்குகின்றனர். பதற்றமுடைய குழந்தைகள் 488 பேரைக் கொண்டு நடந்து 2008-இல் வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில், செர்ட்ரலின் என்னும் மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 55 பேரும், நடத்தைச் சிகிச்சை பெற்றவருள் 60 பேரும், இரண்டும் பெற்றவருள் 81 பேரும், வெற்று மாத்திரை பெற்றவருள் 24 பேரும் நன்கு தேறினர். எண்கள் மனத்தைக் கவர்வன. ஆனால் ஆட்டிசம் உடைய குழந்தைகள் அவ்வாய்வில் சேர்க்கப்படவே இல்லை. ஓர் உற்றவனின் அளவை மற்றோர் உற்றவனுக்கு ஏற்றிவிடலாகாது. மறுபுறம், 149 ஆட்டிசக் குழந்தைகளுக்குச் சிட்டலோபிராம் கொடுத்துப் பார்த்த 2009-ஆம் ஆண்டு ஆய்வில் அம்மருந்து வெற்று மாத்திரையினும் மேம்படவில்லை. துள்ளலும் உறக்கமின்மையும் போன்ற பக்கவிளைவுகளோ மிகுந்தன. ஆயினும் அவ்வாய்வு அளந்தது, திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களைத்தான், பதற்றத்தை அன்று. முதலாவதைக் காட்டி ‘மருந்து பயன்படும்’ என்பாரும், இரண்டாவதைக் காட்டி ‘பயன்படாது’ என்பாரும், குறளைப் பிரித்தெடுத்தாரைப் போன்றே ஆய்வையும் பிரித்தெடுக்கின்றனர்.

இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்க்கையில் தெரிவது இவ்வளவே. ஆட்டிசக் குழந்தையின் பதற்றத்துக்கு மருந்து உதவக்கூடும், உறுதி கூறுவதற்கில்லை, பிற குழந்தைகளைவிடச் சிறிய அளவில் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும், அமைதிக்குப் பதிலாகப் பரபரப்பு வந்தால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும், மருத்துவரைக் கேளாது திடீரென நிறுத்தலாகாது. இவ்வகை மருந்துகள் சிறார்க்கும் இளையோர்க்கும் கொடுக்கப்படும்போது தற்கொலை எண்ணம் எழுகின்றதா என்று கவனிக்குமாறு அமெரிக்க அரசு 2004-இல் கட்டாய எச்சரிக்கை விதித்தது. தொகுத்த ஆய்வுகளில் அவ்வெண்ணமோ அதையொட்டிய செயலோ மருந்து பெற்றவரிடம் நூற்றுக்கு நான்காகவும் மற்றவரிடம் இரண்டாகவும் இருந்தமையே காரணம். அவ்வாய்வுகளில் உயிரிழப்பு நேரவில்லை. அஞ்சி ஓடவேண்டிய செய்தியன்று இது. முதற்சில வாரங்கள் கண்ணிமைபோல் காக்கவேண்டிய செய்தி.

நோயின் அளவைப் பரிமேலழகர் விரிக்கும் இடம் நயமானது. தீர்வது, தீராதது என்ற இரண்டோடு அவர் நிற்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ‘யாப்பியம்’ என்று மூன்றாவது ஒன்றையும் மருத்துவ நூல்வழி நின்று குறிக்கின்றார். தீராவிடினும் கட்டுக்குள் வைத்து வாழத்தக்கது அது. தொடக்கம், நடு, ஈறு என நோயின் பருவங்களையும் சொல்கின்றார். சந்தைத் தெருவை மட்டும் அஞ்சும் பருவத்தில் மருந்தை நாடுவது அளவு மீறிய செயல். பள்ளியும் உறக்கமும் உணவும் போய், பயிற்சிக்கு அமர்த்தவே முடியாத பருவத்தில் மருந்தை மறுப்பதும் அளவு மீறியதே. பயிற்சிக்கு அவனை அமரச் செய்யுமளவு அச்சத்தைத் தாழ்த்துவதற்கு மருந்து கைகொடுக்குமாயின், அதனைப் பெற்றோரின் தோல்வி என்று கூறுவது கொடுமை. ‘எம் வீட்டில் மாத்திரை இல்லை’ என்ற பெருமிதத்துக்கு விலை கொடுப்பவர் பெற்றோர் அல்லர்.

இனிப் பத்தாம் குறள். உற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்னும் நான்கும் சேர்ந்ததே மருந்து. மாத்திரை நாலில் ஒரு பங்கு. இந்நான்கிற்கும் நந்நான்கு இயல்புகளைப் பரிமேலழகர் எண்ணிக் காட்டுகின்றார். உற்றவனுக்கு அவர் வேண்டும் இயல்புகளுள் ஒன்று, தன் நோயின் நிலையை மருத்துவனுக்கு உணர்த்தும் ஆற்றல். உரையின் சிறப்பும் உரையின் எல்லையும் இவ்விடத்தில் ஒருங்கே வெளிப்படுகின்றன. பேசத் தெரிந்த, தன் உள்ளத்தைத் தானே அறிந்து சொல்லத் தெரிந்த உற்றவனையே உரையாசிரியர் கருதினார். சொல்ல இயலாத குழந்தை அவ்வுரையில் இல்லை. ஆட்டிசச் சிறார் பலர்க்குத் தம் நெஞ்சு படபடப்பதைக்கூட அச்சம் என்று பெயரிட்டுக் கூறுதல் அரிது. பெற்றோர் மதிப்பிடும் பதற்றமும் பிள்ளை தானே கூறும் பதற்றமும் பலகால் ஒத்துவருவதில்லை. உற்றவனின் அந்த ஓர் இயல்பு குறைந்தால் நாற்கூற்றும் சாய்ந்துவிடுமா?

இதற்கு விடை ‘உழைச்செல்வான்’ என்னும் சொல்லிலேயே உள்ளது. பரிமேலழகர் அதற்கு மருந்தைப் பிழையாமல் இயற்றுபவன் என்று பொருள் கண்டார். மு. வரதராசனார் மருந்தை உடனிருந்து கொடுப்பவன் என்ற கருத்தில் எழுதினார். இரண்டும் ஏற்கத்தக்கனவே, ஆனால் இரண்டும் அவனை மருந்தோடு கட்டிவைக்கின்றன. சொல்லின் நேர்ப்பொருள் அப்படியன்று. ‘உழை’ என்பது பக்கம். நோயுற்றவனின் பக்கத்தே செல்பவன் எவனோ அவனே உழைச்செல்வான். நோயாளியிடம் அன்பும், மனம் மொழி மெய்களின் தூய்மையும், சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறமும், அறிவும் அவனுக்கு வேண்டும் என்று பரிமேலழகரே பின்னர் எண்ணுகின்றார். மருந்து ஊற்றிக் கொடுப்பதற்கு அறிவு எதற்கு, அன்பு எதற்கு? சொல்லாத நோயைப் படிப்பதற்கன்றோ அவை இரண்டும்? உற்றவனிடம் குறைந்த உணர்த்தும் ஆற்றலை உழைச்செல்வான் ஏற்று நிரப்ப வேண்டும் என்று கொள்வது உரைக்கு மாறாகாது.

கேலாங் வீட்டில் அவ்வுழைச்செல்வார் தாயும் தந்தையும், பாட்டியும் ஆவார், பகலில் பள்ளி ஆசிரியர். அவர்கள் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டியது தம் கொள்கையை அன்று. எத்தனை மணிக்கு உறங்கினான், எந்த நாளில் எதைக் கண்டு நடுங்கினான், நடுங்குமுன் விரல்களை எவ்வாறு அசைத்தான், எவ்வளவு நேரத்தில் அடங்கினான் என்று இரண்டு மூன்று வாரம் எழுதிய குறிப்பையே கொண்டுசெல்ல வேண்டும். மருந்து தொடங்கிய பின்னும் அக்குறிப்புத் தொடர வேண்டும். இல்லையேல் மருந்து வேலை செய்ததா, நோன்பு மாதம் முடிந்து சந்தை கலைந்ததா என்று தெரியாது போய்விடும். குழந்தைக்கும் கருத்து உண்டு. படம் காட்டியும், ‘ஆம்’, ‘இல்லை’ அட்டைகள் வைத்தும் அவனைக் கேட்கலாம். மாத்திரை விழுங்கிய பின் வயிறு எப்படி உள்ளது என்பதை அவனன்றி வேறு யாரும் அறியார்.

ஆசிரியர்கள் ஒன்றில் விழிப்பாக இருத்தல் வேண்டும். மருந்து உண்டபின் பிள்ளை அமைதியாகிவிட்டான், வகுப்பில் தொல்லை இல்லை என்று எழுதியனுப்புவது எளிது. தணிந்தது அவன் அச்சமா, அவனால் பிறர்க்கு நேர்ந்த சங்கடமா? அச்சம் தணிந்தவன் மின்தூக்கியில் ஏறுவான், பேருந்து எண்களைப் பற்றிப் பேசுவான். மருந்தால் மயங்கியவனும் அமைதியாகத்தான் இருப்பான். பேருந்து எண்களைப் பற்றிப் பேசமாட்டான். இவ்வேறுபாட்டை மருத்துவர் தம் அறையில் அரைமணி நேரத்தில் காண இயலாது. பக்கத்தே செல்பவர் காண்பர்.

ஒன்பதாம் குறளின் மூன்றாம் அளவையாகிய காலத்தை உரைகள் பெரும்பாலும் தொடங்குவதற்கு உரிய காலமாகவே கருதிச் செல்கின்றன. முடிப்பதற்கும் காலம் உண்டு. எத்தனை வாரம் பொறுத்துப் பயனை மதிப்பிடுவது, எது நேர்ந்தால் பயன் என்று கொள்வது, பயன் இருந்தால் எத்தனை மாதம் தொடர்வது, எவ்வாறு படிப்படியாகக் குறைப்பது என்னும் நான்கு வினாக்களுக்கும் முதல் மாத்திரைக்கு முன்னரே மருத்துவரிடம் விடை கேட்டு, அக்குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.